தாமிரபரணிப் பாசனத்தில் டிராக்டர் எஞ்சின் பராமரிப்பு

பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்து விடப்பட்டு, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் கால்களிலும் அது ஓடத் தொடங்கியவுடன், கார் சாகுபடிக்குத் தொளி அடிக்கும் வேலை எங்கும் ஒரே சமயத்தில் ஏற்படுகின்றது. முற்காலத்தில் ஏர்மாடுகள் பல சேர்ந்து செய்த அவ்வேலையை இக்காலத்தில் ஊருக்குச் சில டிராக்டர்களே செய்து முடிக்கின்றன. ஒரு மாடு நொண்டினால் மற்றொன்றைப் பூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய வசதி இப்பொழுது இல்லை. ஒரு டிராக்டர் நின்றுவிட்டால் அதை நம்பியிருக்கும் வயல்கள் அனைத்தும் நின்றுவிடுகின்றன.

நாற்றோ காத்திராது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-ம் வருஷத்தில் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 போன்ற, 110 முதல் 115 நாட்களில் விளையும் நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பிடுங்கி நடவேண்டும். அதற்கு மேல் நாற்றங்காலில் முதிர விட்டால் தூர் கட்டுவது குறையும், கதிரும் சிறுக்கும். பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, உதிரிச் சாமான் மதுரையிலிருந்து வருமென்று ஒரு வாரம் காத்திருக்கும் மிராசுதாரர் இழப்பது பழுது பார்க்கும் செலவு மட்டுமன்று.

இவ்வாறு பருவத்தில் நின்றுபோகும் எஞ்சின்களில் அநேகம், யந்திரத்தின் குற்றத்தால் நிற்பவையல்ல. பிசான அறுவடை முடிந்து, கார் உழவு தொடங்கும் வரை, மாசி பங்குனி முதல் வைகாசி முடிய, வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும் காலத்தில் கவனியாது விட்ட சிறு காரியங்களே பின்னர் பெருஞ் செலவாய் முடிகின்றன. இக்காரியங்களுக்கு மெக்கானிக் வேண்டுவதில்லை. வண்டி ஓட்டுகிறவர் காலையில் கால் மணி நேரம் செலவிட்டாற் போதும். இங்கே சொல்லப்படுபவற்றிற் பெரும்பாலானவை குடியானவர்கள் சாமான் ஏற்றும் டீஸல் வண்டிகளுக்கும் கிராம அலுவலர்கள் உபயோகிக்கும் ஜீப், கார்களுக்கும் பொருந்தும்.

காற்று

டீஸல் எஞ்சினில் நெருப்புப் பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகின்றது. அந்த அமுக்கத்தினாலேயே காற்று 500 டிகிரிக்கு மேற் சூடேறுகின்றது. அச்சூட்டில் டீஸலைப் புகைபோற் சிதறப் பாய்ச்சியவுடன் அது தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் என்பவர் இத்தத்துவத்தைக் கொண்டு 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினே இதன் மூலம். காற்றை அமுக்கும் திறமை குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் எஞ்சின் காலையில் எளிதில் ஓடத் தொடங்காது. சிலிண்டர்ச் சுவரும் பிஸ்டன் வளையங்களும் தேயாமல் இருக்கும் வரையில்தான் அந்தத் திறமை நிலைத்திருக்கும். அவற்றைத் தேய்ப்பது தூசி.

எவ்வளவு காற்று உள்ளே போகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் முக்கியம் விளங்கும். இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவ்வளவு காற்றை இழுப்பதால், நிமிஷத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்று உட்செல்லும். எட்டு மணி நேர உழவில் இது 12 லக்ஷம் லிட்டர். அக்காற்றிற் கலந்துள்ள மண் துகள் யாவும் ஏர் கிளீனர் என்னும் ஒரே கருவியினால்தான் தடுக்கப்படவேண்டும்.

தொளியடிக்கும் வயலில் தூசி இல்லை. ஆனால் இப்பக்கத்து டிராக்டர்கள் நஞ்சையோடு நிற்பவையல்ல. புரட்டாசிப் பட்டத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலுக்கும், சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிப் பக்கத்துச் செம்மணலுக்கும் வாடகைக்குச் செல்கின்றன. தேரி மணலில் மிகுதியாயுள்ள குவார்ட்ஸ் என்னும் கல் இரும்பைவிடக் கடினமானது. அதன் நுண்பொடி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமானம். நஞ்சையில் ஐந்து வருஷம் பழுதின்றி ஓடிய எஞ்சின், தேரியில் ஒரே பருவம் அழுக்கேறிய கிளீனரோடு ஓடி, வளையம் மாற்றும் நிலைக்கு வந்துவிடக்கூடும்.

ஏர் கிளீனர் இருவகை. பழைய வண்டிகளில் உள்ளது எண்ணெய்க் கிண்ணம் உடையது. கிண்ணத்தில் எஞ்சின் ஆயிலையே அடையாளக் கோடு வரையில் ஊற்றவேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் நல்லதென்று சிலர் கருதுகின்றனர். அது பிசகு. மிகுந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். சில சமயம் டீஸலை நிறுத்திய பின்பும் எஞ்சின் அடங்காமல் வேகமெடுத்துச் சிதறும் அபாயமும் உண்டு. கிண்ணத்தின் அடியிற் சேறு படிந்திருந்தாலும் எண்ணெய் களியாகத் தடித்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். தேரியிலும் கோடை உழவிலும் இதைத் தினந்தோறும் பார்த்தல் அவசியம். மேலேயுள்ள கம்பி வலையை டீஸலிற் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டவேண்டும்.

மற்றொரு வகை, மடித்த காகிதத்தாலாகிய உலர்ந்த வடிகட்டி. இதைத் தரையிலும் டயரிலும் ஓங்கித் தட்டித் தூசி உதிர்ப்பது எங்கும் காணப்படும் வழக்கம். அதனால் மடிப்புகள் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் விழுகின்றன. கம்பிரஸர்க் காற்றைச் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேற்படாத அழுத்தத்தில், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதுவதே முறை. பின்னர் அதனுள் ஒரு சிறு விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஓட்டை இருக்குமிடம் வெளிச்சப் புள்ளியாய்த் தெரியும். அவ்வாறு தெரிந்தால் அதைத் தூர எறிந்து புதிது வாங்கவேண்டும். உள்ளே இருக்கும் சிறிய காவல் வடிகட்டியைச் சுத்தம் செய்யவே கூடாது; குறித்த காலத்தில் மாற்றவேண்டும்.

கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் மேற்சொன்ன பிரயாசை யாவும் வீண். வண்டி கொட்டகையில் மாதக்கணக்காக நிற்கும்போது, குளவி மண் உருட்டிக் கூடு கட்டுவதற்குக் காற்றுக் குழாயின் வாயைவிட வசதியான இடம் இல்லை. நிறுத்தும்போது அவ்வாயையும் புகைப்போக்கியின் வாயையும் துணியால் மூடிக் கட்டி, பருவத்தில் முதன் முதல் ஓட்டுமுன் மறவாமல் அவிழ்த்துவிட வேண்டும்.

எண்ணெய், நீர், டீஸல்

எஞ்சின் ஆயிலைக் காலையில், வண்டி சமதரையில் நிற்கையில், ஓட்டுவதற்கு முன் அளவுக் கம்பியால் பார்க்கவேண்டும். டீஸல் எஞ்சினில் எண்ணெய் விரைவிற் கறுப்பது இயல்பு. அதுபற்றிக் கவலைப்பட வேண்டாம். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கசிந்திருக்கிறதென்று அர்த்தம். எண்ணெய் குறையாமல், மாறாக மட்டம் உயர்ந்துகொண்டே வந்தால், "இந்த வண்டி எண்ணெயே குடிப்பதில்லை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் டீஸல் கசிந்து எண்ணெயோடு கலக்கின்றது. கம்பியை முகர்ந்தால் வாசனை காட்டிவிடும். அவ்வெண்ணெய் நீர்த்துப்போய், பேரிங்குகளைக் காப்பாற்றாது.

புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்திலும், பின்னர் அநேக வண்டிகளுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறையும் எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்து மாற்றவேண்டும். வண்டியோடு கொடுக்கப்பட்ட புஸ்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுவே பிரமாணம். எஞ்சின் சூடாயிருக்கையில் வடித்தால் அழுக்கு எண்ணெயோடு வெளியேறும். டர்போ உள்ள எஞ்சினைப் பளுவான வேலை முடிந்தவுடன் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவேண்டும். எண்ணெய் அழுத்த விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், வரப்பு வரை போய் நிறுத்தலாமென்று எண்ணக்கூடாது. அவ்விடத்திலேயே நிறுத்தவேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை வேலிக்காலுக்குக் கறையான் மருந்தாக ஊற்றுவதும், கால்வாய்க் கரையிற் கொட்டுவதும் விட்டொழிக்கவேண்டிய பழக்கங்கள். கன்னடியன் காலிலும் பாளையங்காலிலும் ஓடும் நீரில் கழுவிச் செல்வது ஆற்றுக்கே மீளும். அந்த ஆறுதான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போய்ச் சேரும்படி பட்டறையிற் கொடுத்துவிட வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் நீரைப்பற்றிச் சிறிது சொன்னாற் போதும். உவர் கிணற்று நீரை ஊற்றினால் அடுப்பிலுள்ள வெந்நீர்த் தவலையிற் படிவதுபோல் உள்ளே சுண்ணாம்பு படிந்து, எஞ்சின் சூடேறும். கம்பெனியார் சொல்லும் குளிர்விப்புத் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுவதே உத்தமம். கதிரடிக்கும் காலத்தில் ரேடியேட்டரின் முன்வலையிற் பதரும் தூசியும் அடைத்துக்கொள்ளும். தினமும் தட்டி அகற்றவேண்டும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வெந்துகொண்டவர்கள் உண்டு. கையால் தொட்டால் சூடு பொறுக்கும் வரை காத்திருக்கவேண்டும். பேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை தாழவேண்டும். மிகத் தளர்ந்தால் விசிறியும் ஆல்டர்னேட்டரும் சரியாகச் சுற்றா.

டீஸலுக்கு விரோதி தண்ணீர். டாங்கைப் பாதி காலியாக இரவு முழுதும் விட்டால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் விடியற்காலைக் குளிரில் நீராய்ப் படிந்து அடியில் இறங்கும். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைத்தால் இது குறையும். வடிகட்டிக்கு முன்னுள்ள நீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகைக் காலையில் தளர்த்தி, அடியில் நின்ற நீரை வடித்துவிட வேண்டும். வயலுக்குக் கொண்டுபோகும் டீஸல் கேனும் புனலும் பிற காரியத்துக்கு உபயோகப்படாதவையாய் இருத்தல் நலம். பூச்சிமருந்துக் கேனைக் கழுவி டீஸல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! டீஸல் முற்றும் தீர்ந்து எஞ்சின் நின்றால் குழாயிற் காற்று புகும். அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரை ஓயாது அழுத்துவதால் பாட்டரி ஓய்வதே மிச்சம்.

பாட்டரி

1859-ல் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயப் பாட்டரியே, பல திருத்தங்களுடன், இன்றும் டிராக்டரின் ஸ்டார்ட்டரைச் சுழற்றுகின்றது. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் கந்தக அமிலம் கலந்த நீரில் நிற்கின்றன. மின்சாரம் செலவாகும்போது அமிலத்திலுள்ள கந்தகம் தகடுகளிற் போய்ச் சேர்ந்து, அமிலம் நீர்த்துவிடுகின்றது. மறுபடி ஏற்றும்போது அது அமிலத்துக்குத் திரும்புகின்றது. ஏற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் தகட்டிற் சேர்ந்தது வெள்ளைக் கட்டியாய் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. "போன வருஷந்தான் வாங்கினது, அதற்குள் போய்விட்டது" என்று சொல்லப்படும் பாட்டரிகளிற் பல, உழைத்துக் கெட்டவையல்ல. கோடையில் சும்மா நின்று கெட்டவை.

ஆகையால் பிசான அறுப்பு முடிந்து வண்டியை நிறுத்தும்போது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றி வைக்கவேண்டும்; மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றிக்கொடுக்க வேண்டும். கொட்டகையில் எஞ்சினை ஐந்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவது சார்ஜ் ஏற்றுவதாகாது. ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்ட மின்சாரத்தைக்கூட அது திருப்பிக் கொடுப்பது சந்தேகம்.

மூடி திறக்கும் வகைப் பாட்டரிகளில், கோடையில் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை நீர் மட்டம் பார்க்கவேண்டும். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்கவேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றத்தக்கது. ஆவியாய்ப் போவது நீரேயன்றி அமிலமன்று. ஆதலால் அமிலம் ஊற்றுவது தகடுகளை அரிப்பதற்கே உதவும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு சுவையுடையதாயினும் பாட்டரிக்கு உதவாது. அதிலுள்ள தாது உப்புக்கள் தகட்டைக் கெடுக்கும்.

ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழல் அதிக விலையுள்ளதன்று. ஊருக்கு ஒன்றிருந்தாற் போதும். அமிலத்தின் ஒப்படர்த்தி 1.250 முதல் 1.280 வரை காட்டினால் பாட்டரி முழுமையாய் ஏறியிருக்கிறது, 1.200 அளவில் ஏறக்குறைய பாதி, 1.120 என்றால் முற்றும் இறங்கிவிட்டது. ஐந்து அறைகள் நல்ல அளவும் ஓர் அறை மிகத் தாழ்ந்தும் காட்டினால், அந்த அறை பழுது. பாட்டரி இனி அதிக நாள் தாங்காது. மூடிய வகைக்கு வோல்ட் மீட்டரே வழி. ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடுகையில் முனைகளில் 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். வராவிட்டால் குற்றம் பாட்டரியிலன்று, ஆல்டர்னேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ உள்ளது. இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்கி, அதையும் இரண்டு மாதத்தில் இழந்து, கடைக்காரரோடு வழக்காடுவதிற் பயனில்லை.

முனைகளிற் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இணைப்பை இறுக்கியபின் வாஸலினோ க்ரீஸோ தடவவேண்டும். சோடாத் தண்ணீர் அறைகளுக்குள் போகலாகாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனையையும், மாட்டும்போது கடைசியில் அதனையும் கையாளவேண்டும். இம்முறை தவறினால் ஸ்பானர் வண்டியின் உடலிற் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால், பீடி பற்றவைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பார்ப்பது வெடிமருந்துச் சாலையிற் புகைப்பதற்கு ஒப்பாகும். அமிலம் மேலே தெறித்தால் உடனே ஏராளமான நீரால் கழுவி, கண்ணிற் பட்டிருந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பழைய பாட்டரியை ஈயத்துக்காக வீட்டில் உடைப்பது குழந்தைகளுக்கு விஷமூட்டுவதாகும். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், அரை நிமிஷம் விட்டு மறுபடி அழுத்தவேண்டும்.

புகை

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, ஓட்டுகிறவர் புகையைப் பார்த்து எஞ்சினின் நிலையை அறியலாம். கரும்புகை, டீஸலுக்குத் தக்க காற்று இல்லை என்பதற்கு அடையாளம். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம். நாஸில் தேய்ந்து டீஸல் சிதறாமல் ஒழுகலாம். அல்லது கலப்பையை அளவுக்கு மேல் ஆழ இறக்கியிருக்கலாம். கடைசியிற் சொன்னதற்கு மருந்து கையருகிலேயே உள்ளது. நீலப் புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். வளையமோ வால்வு வழியோ தேய்ந்திருக்கின்றது. வெள்ளைப் புகை காலைக் குளிரிற் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் பாதகமில்லை. சூடேறிய பின்பும் வந்தால், டீஸல் எரியாமற் போகிறது அல்லது நீர் உள்ளே கசிகிறது. கரும்புகை கக்கும் டிராக்டரைப் பலமுள்ளதென்று மெச்சும் வழக்கம் உண்டு. அந்தக் கரி, பணம் கொடுத்து வாங்கி எரியாமற் போன டீஸலேயாகும்.

புதிய வண்டிகளில் புகையைச் சுத்தி செய்யும் உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன. சாலை வண்டிகளுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதியும், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் நான்கு என்னும் விதியும் அமலுக்கு வந்தன. இவற்றின்படி செய்யப்பட்ட எஞ்சின்களில், புகையின் ஒரு பகுதியைத் திரும்பச் சிலிண்டருக்கு அனுப்பி எரிசூட்டைத் தணித்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்கும் வால்வு உண்டு. பலவற்றில் கரித்துகளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியும் உண்டு. இவ்வடிகட்டி நிறைந்தபோது, எஞ்சின் தானே புகையைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி, சேர்ந்த கரியை எரித்துவிடும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று சிறு தூரமே ஓடும் ஜீப்புக்கு இவ்வெரிப்பு முடியச் சமயம் கிடைப்பதில்லை. விளக்கு எரிந்து எச்சரிக்கும். அப்பொழுது புஸ்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கை அலக்ஷியம் செய்தால் வடிகட்டியையே மாற்றும்படி நேரிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாய் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளை நம்புவது சட்டத்துக்கும் விரோதம், எஞ்சினுக்கும் விரோதம்.

அத்தகைய சூட்டை வெளிவிடும் வண்டியைக் களத்திலும் வைக்கோல் படப்பின் அருகிலும் நிறுத்தலாகாது. உலர்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அதிற் பாதிச் சூடும் போதும். பழைய டிராக்டர்களிலும் கதிர் அறுக்கும் யந்திரங்களிலும் புகைக்குழாயைச் சுற்றிச் சேரும் வைக்கோலை ஒவ்வொரு வேளையும் அகற்றுவதும், குழாயின் முனையில் பொறி தடுக்கும் வலை பொருத்துவதும் அவசியம்.

யூரியாவைப்பற்றிக் குடியானவர்களுக்கு விசேஷமாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. சில டீஸல் வண்டிகளில் டீஸல் டாங்கின் அருகே நீல மூடியுடன் ஒரு சிறு டாங்க் இருக்கும். அதில் ஊற்றுவது, அயனிகள் நீக்கிய நீரில் 32.5 சதவீதம் சுத்த யூரியா கரைத்த திரவம். அது சூடான புகையில் அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றது. "யூரியாதானே, வீட்டில் மூட்டை கிடக்கிறதே" என்று எண்ணி, உர யூரியாவைக் குழாய் நீரிற் கரைத்து ஊற்றுவது பெரும் நஷ்டத்துக்கு வழி. உர யூரியாவில் பையூரெட் முதலிய பொருள்கள் கலந்துள்ளன. 2015 முதல் நாட்டில் உற்பத்தியாகும் உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசப்படுகின்றது. எண்ணெயும் உப்பும் பாய்ச்சும் நாஸிலை அடைத்து, விலையுயர்ந்த ஊக்கியைக் கெடுத்துவிடும். திரவத்தின் தரம் குறைந்ததை வண்டியின் கம்ப்யூட்டர் உணர்ந்தால் முதலிற் பலத்தைக் குறைக்கும். பின்னர் எஞ்சின் ஓடத் தொடங்காதபடியும் தடுத்துவிடும். அன்றியும், மானியத்தில் வழங்கப்படும் உரத்தைப் பயிரொழிந்த காரியங்களுக்குத் திருப்புவது 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி குற்றம். இதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஊரார்க்கு எடுத்துச் சொல்லுதல் நலம். இத்திரவத்தைத் தவறி டீஸல் டாங்கில் ஊற்றிவிட்டால், சாவியைத் தொடாமல் டாங்கை வடிக்கச் செய்யவேண்டும்.

தொளியும் வெள்ளமும்

தொளியடிக்கும்போது கேஜ் சக்கரம் வாரி வீசும் சேற்றுநீர் கிளச் அறைக்குள் புகக்கூடும். அநேக டிராக்டர்களில் அவ்வறையின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. தொளிக்கு இறங்குமுன் அதை அடைப்பிட்டு மூடி, கரையேறியபின் அடைப்பைக் கழற்றி உள்ளிருக்கும் நீரையும் எண்ணெயையும் வடியவிட வேண்டும். மூடினதை மறந்து வருஷம் முழுதும் விட்டால் கிளச் தகடு எண்ணெயில் ஊறி வழுக்கும். முன் சக்கர அச்சுக்களில், அழுக்கு க்ரீஸ் வெளியே வந்து புது க்ரீஸ் தெரியும் வரை, தொளிக்காலத்திற் தினமும் க்ரீஸ் ஏற்றவேண்டும்.

இவையெல்லாம் முழங்காலளவு நீரின் காரியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையோ வேறு விதமானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணியின் கரைகள் நிரம்பி வழிந்தன. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தீவுபோலாயிற்று. கொட்டகையிலும் தெருவிலும் நின்ற வண்டிகள் நீரில் மூழ்கின. இத்தகைய சமயத்தில் வண்டி பிழைப்பதும் கெடுவதும், நீர் வடிந்த பின் முதல் அரைமணி நேரத்தில் உடையவர் செய்யும் காரியத்தைப் பொறுத்தது.

முதற் காரியம், சாவியைத் திருப்பாதிருத்தல். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் இரண்டு அவுன்ஸ் நீர் நின்றாலும், மேலெழும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, கீழேயுள்ள இணைப்புக் கம்பி வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து, கியரிற் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் இதே கேட்டை விளைக்கும். இதனால் எஞ்சினே உடைந்தால், தனியே அதற்கென்று காப்பு எடுத்திராதவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பணம் கொடாமல் மறுப்பதும் உண்டு. நீர் எந்த மட்டம் வரை ஏறியிருந்தது என்பது தெரியும்படி வண்டியை நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்து, கம்பெனிக்கு அறிவித்த பிறகே நகர்த்தவேண்டும்.

பின்னர் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவேண்டும். அளவுக் கம்பியை உருவி, எண்ணெய் வெளுத்திருக்கிறதா, மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏர் கிளீனருக்குள் ஈரமோ வண்டலோ இருந்தால், நீர் சிலிண்டர் வரை சென்றதென்றே கொள்ளவேண்டும். ஈரம் அதுவரை எட்டாதிருந்தாலும், மூழ்கிய வண்டியின் எஞ்சின், கியர்ப்பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு ஆகிய எல்லா இடத்து எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். நீர் கனமானதாகையால் முதலில் வெளிவருவது அதுவே. வண்டல் வந்தால் அடித்தட்டையும் கழற்றிக் கழுவவேண்டும். டீஸல் டாங்கையும் வடித்து, வடிகட்டிகள் யாவையும் மாற்றவேண்டும்.

அதன் பின் மெக்கானிக்கைக்கொண்டு நாஸில்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், உள்ளே நின்ற நீர் துவாரங்கள் வழியே பீறிட்டு வெளிவரும். அப்போது முகத்தை நேரே வைத்துப் பார்க்கலாகாது. நீர் நின்றபின் ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுழற்றவேண்டும். இது துரு ஏறாமற் காக்கும். வெள்ளத்திற்குப்பின் மெக்கானிக் கிடைக்க நாட்கள் ஆகலாம். ஆனால் நீர் உள்ளே நின்றால் இரண்டு மூன்று நாளிலேயே சிலிண்டர்ச் சுவரிற் துரு பிடிக்கத் தொடங்கும். பட்டறைக்குக் கொண்டுபோகக் காத்திருப்பதைவிட, ஊரிலுள்ள ஒரு மெக்கானிக்கை அழைத்து இந்த அளவாவது செய்வித்து வைப்பது புத்தி.

ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, நல்ல நீரிற் கழுவி, நிழலில் உலர்த்திச் சோதிக்கவேண்டும். மூழ்கின பாட்டரியைத் திறந்து, அறைகளுக்குள் வெள்ளநீர் போயிருந்தால் அதை நம்பவேண்டாம். கம்ப்யூட்டர் உள்ள புதிய எஞ்சின்களில் மின் இணைப்புகளைக் கம்பெனி மெக்கானிக்கே பார்க்கவேண்டும். நாட்டு வைத்தியம் அங்கே செல்லாது.

எல்லாம் உலர்ந்து, புது எண்ணெய் ஊற்றி, கையாற் தடையின்றிச் சுழல்கிறதென்று கண்டபின், பளு எதுவுமின்றி அரைமணி நேரம் மெதுவாக ஓட்டி, அவ்வெண்ணெயையும் வடிகட்டியையும் மறுபடி மாற்றவேண்டும். பத்து மணி நேரம் ஓடியபின் இன்னொரு முறை அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, சிறிதேனும் வெளுப்பு இருந்தால் மூன்றாம் முறையும் மாற்றவேண்டும்.